ஒரு மாத்திரையின் விலை

எட்டாம் வகுப்புக் கணக்கில் இலாப நட்டம் என்றொரு பாடம் உண்டு. "ஒரு வியாபாரி ஒரு பொருளை 48 ரூபாய்க்கு வாங்கி 60 ரூபாய்க்கு விற்றான், இலாபம் நூற்றுக்கு எவ்வளவு?" என்று அதில் கேட்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி அழித்தவன் நான். நூற்றுக்கு 25 என்று பிள்ளைகள் விடை சொல்லிவிடுவார்கள். அந்தப் பொருள் யாது, அதை வாங்கியவர் யார், வாங்காமல் இருக்க அவருக்கு வழி உண்டா என்று எந்தப் பிள்ளையும் என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. ஓய்வு பெற்று, இரத்த அழுத்தத்திற்காக நாள்தோறும் ஒரு மாத்திரை விழுங்க வேண்டியவனாக ஆனபிறகுதான் அந்தக் கேள்வி என் மனத்தில் எழுந்தது.

எங்கள் ஊர்ப் பஸ் நிலையத்திற்கு எதிரே ஒரு சிறு மருந்துக் கடை இருக்கிறது. அதன் உரிமையாளர் என்னிடம் படித்தவர். ஒரு மாதம், மருத்துவர் எனக்கு எழுதிக் கொடுத்திருந்த மாத்திரை அவர் கடையில் தீர்ந்துபோயிருந்தது. அவர் வேறோர் அட்டையை எடுத்து என் முன் வைத்தார். மேலே இருந்த பெயர் வேறு. உள்ளே இருந்த மருந்து அதுவே, அளவும் அதுவே. பின்புறத்தில் அச்சிட்டிருந்த விலையும் ஏறக்குறைய அதுவே.

"ஐயா, உங்களுக்கு இதைப் பாதி விலைக்குத் தருகிறேன்" என்றார்.

"பாதி விலைக்குக் கொடுத்தால் உனக்கு நட்டமாகாதா, தம்பி?"

அவர் சிரித்தார். "ஆகாது ஐயா. பாதி விலைக்குக் கொடுத்தாலும், மற்றதில் கிடைப்பதைவிட எனக்கு இதில் கூடுதலாகவே கிடைக்கும்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு மூதாட்டி வந்து சர்க்கரை நோய் மாத்திரை கேட்டார். பத்து மாத்திரை அட்டையில் நான்கை மட்டும் வெட்டித் தரச் சொல்லி, எண்ணிச் சில்லறை கொடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டு போனார். நான்கு மாத்திரை எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். ஒரு வேளை விட்டு ஒரு வேளை போட்டுக்கொள்வார் என்று கடைக்காரர் சொன்னார். என் மாணவர் கூறிய கணக்கும், அந்த அம்மையார் போட்டுக்கொண்ட கணக்கும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்குவதற்குச் சில மாதங்கள் ஆயின.

மருந்து ஒன்றிற்கு மூன்று பெயர்கள் உண்டு. முதலாவது, அதன் மூலக்கூற்றின் அமைப்பைச் சொல்லும் இரசாயனப் பெயர்; அது ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களுக்கே பயன்படும். இரண்டாவது, உலகெங்கும் மருத்துவ நூல்களில் வழங்கும் பொதுப் பெயர். பாராசிட்டமால் என்பது அத்தகைய பெயர். இதைத்தான் ஜெனரிக் பெயர் என்பார்கள். மூன்றாவது, ஒரு கம்பெனி தன் சரக்கிற்குச் சூட்டிக்கொள்ளும் வியாபாரப் பெயர். குரோசின், கால்பால், டோலோ ஆகிய மூன்றும் நம் வீடுகளில் தனித்தனி மருந்துகள் போலவே பேசப்படுகின்றன. "டோலோ எனக்கு ஒத்துக்கொள்ளும், குரோசின் ஒத்துக்கொள்ளாது" என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இம்மூன்றிலும் காய்ச்சலைத் தணிப்பது பாராசிட்டமால் ஒன்றே.

ஒரு புதுமருந்தைக் கண்டுபிடித்தவருக்குக் குறிப்பிட்ட காலம்வரை அதைத் தாம் மட்டுமே விற்கும் உரிமையைச் சட்டம் வழங்குகிறது. காப்புரிமை என்பது அது. அந்தக் காலம் முடிந்தபின் யார் வேண்டுமானாலும், உரிய அனுமதி பெற்று, அம்மருந்தைத் தயாரிக்கலாம். பலர் தயாரிக்கும்போது விலை இறங்க வேண்டும். மேல்நாடுகளில் ஜெனரிக் மருந்து என்று சொல்வது இவ்வாறு பொதுவுடைமையாகிவிட்ட மருந்தையே.

நம் நாட்டில் இந்தப் பொதுவுடைமை தனியொரு வழியில் வந்தது. சுதந்திரம் பெற்றபின்னும் நெடுங்காலம் நம்மிடையே இருந்தது 1911ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமே. அதன் கீழ் மருந்துகளின் மீது வெளிநாட்டுக் கம்பெனிகளின் பிடி இறுகியிருந்தது. 1959 இறுதியில் அமெரிக்க நாட்டுச் செனட் சபையின் உட்குழு ஒன்று, எஸ்டஸ் கெஃபாவர் என்பவர் தலைமையில், மருந்து விலைகளைக் குறித்து விசாரணை தொடங்கியது. அதன் அறிக்கை 1961இல் வெளிவந்தது. உலகில் மருந்து விலை மிக உயர்ந்திருக்கும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று என்று அதில் கண்டிருந்தது. வருவாயில் கடைசி வரிசையில் நின்ற நாடு, மருந்து விலையில் முதல் வரிசையில் நின்றது! அதே 1959இல் நீதிபதி ராஜகோபால ஐயங்கார் நம் காப்புரிமைச் சட்டத்தை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அதன் வழிவந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம் 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை. அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு. அதுவும் மிஞ்சிப்போனால் ஏழாண்டுகளுக்கே என்று அச்சட்டம் வகுத்தது. வேறொரு முறையைக் கண்டுபிடித்தவர் அதே மருந்தைத் தயாரிக்கலாம் என்றாயிற்று. நம் இரசாயன வல்லுநர்கள் அந்த வேலையில் இறங்கினார்கள். 2005இல் சட்டம் திருத்தப்பட்டுப் பொருளுக்கும் காப்புரிமை திரும்ப வந்தது. ஆனால் அதற்குள் மலிவாக மருந்து செய்யும் திறன் இந்நாட்டில் வேரூன்றிவிட்டது.

அந்தத் திறனுக்கு ஒரே ஒரு சான்று போதும். எய்ட்ஸ் நோய்க்கான மூன்று மருந்துக் கலவை ஒரு நோயாளிக்கு ஓராண்டிற்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் விற்ற காலத்தில், 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில், பம்பாய்க் கம்பெனியான சிப்லா அதை ஆண்டிற்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. ஆப்பிரிக்காவில் எண்ணற்ற உயிர்கள் நிலைத்தமைக்கு அந்த அறிவிப்பு ஒரு தொடக்கம்.

அப்படியானால் நம் ஊர் மூதாட்டி ஏன் நான்கு மாத்திரையை வெட்டி வாங்குகிறார்? செய்யும் செலவு குறைந்துவிட்டது. வாங்கும் விலை ஏன் குறையவில்லை?

இனிக் கரும்பலகைக்கு வருவோம். பின்வரும் எண்கள் கணக்கிற்காக நான் எடுத்துக்கொண்டவை. சந்தையில் இதனினும் பெரிய வேறுபாடுகளும் உண்டு. வரியை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிடுவோம். பத்து மாத்திரை கொண்ட ஓர் அட்டை. பெயர் பெற்ற சரக்கு. அச்சிட்ட விலை 60 ரூபாய். அரசின் விலை வரம்பிற்கு உட்படாத மருந்துகளில், அச்சிட்ட விலையில் நூற்றுக்கு 20 சில்லறைக் கடைக்காரருக்கும், 10 மொத்த வியாபாரிக்கும் என்பது வியாபார வழக்கம். எனவே கடைக்காரர் அதை 48 ரூபாய்க்கு வாங்குகிறார், இலாபம் 12. மொத்த வியாபாரிக்கு அந்த 48இல் நூற்றுக்குப் பத்து, அதாவது 4 ரூபாய் 80 பைசா. கம்பெனிக்குப் போய்ச் சேர்வது 43 ரூபாய் 20 பைசா.

இப்போது என் மாணவர் எடுத்து வைத்த இரண்டாவது அட்டையைப் பாருங்கள். அச்சிட்ட விலை 56 ரூபாய். அவர் அதை வாங்கியது 9 ரூபாய்க்கு! எனக்குப் பாதி விலையில், 28 ரூபாய்க்குக் கொடுத்தாலும் அவருக்கு 19 ரூபாய் மிஞ்சுகிறது. முதலாவது அட்டையில் மிஞ்சுவதோ 12. விவரம் அறியாத ஒருவருக்கு அச்சிட்ட விலைக்கே விற்றால் 47 ரூபாய். ஒன்பது ரூபாய் முதலுக்கு நாற்பத்தேழு ரூபாய் இலாபம் என்றால், நூற்றுக்கு 522. என் பாடப் புத்தகத்தில் இப்படி ஒரு விடை வந்திருந்தால், அச்சுப்பிழை என்று திருத்தியிருப்பேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டாவது அட்டையை 9 ரூபாய்க்கு விற்ற கம்பெனி நட்டப்பட்டு விற்கவில்லை. ஆகவே பத்து மாத்திரை செய்து, அட்டையில் அடைத்து, பெட்டியில் போட்டு அனுப்ப ஆகும் செலவு 9 ரூபாய்க்கும் குறைவு. அப்படியானால் முதலாவது அட்டைக்குக் கம்பெனி பெறும் 43 ரூபாயில் பெரும்பகுதி எங்கே போகிறது? பிரதிநிதிகளின் சம்பளம், பயணம், மாதிரிப் பொட்டலம், விளம்பரத் தாள், மாநாடு, கம்பெனியின் இலாபம் என்று போகிறது. மருத்துவர்களுக்குச் செல்லும் பரிசுகளும் அதில் உண்டு. அப்பரிசுகளை வியாபாரச் செலவு என்று வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள இயலாது என உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அத்தகைய தீர்ப்பிற்குத் தேவை ஏற்பட்டது என்பதே செய்தி.

சில வேளைகளில் இவ்விரு அட்டைகளையும் விற்பது ஒரே கம்பெனியாகவும் இருக்கும். ஒரு சரக்கைப் பிரதிநிதிகள் வழியாக மருத்துவரிடம் கொண்டு செல்லும்; மற்றொன்றைப் பிரதிநிதி எவருமின்றி நேரே வியாபாரியிடம் தள்ளிவிடும். இரண்டாவதை வியாபாரிகள் ஜெனரிக் என்றே பேசிக்கொள்கிறார்கள். பெயரளவில் ஜெனரிக், உண்மையில் அதற்கும் ஒரு வியாபாரப் பெயர் உண்டு, உயர்ந்த விலையும் உண்டு. மலிவாக வாங்கியதன் பயன் நோயாளிக்கு வந்து சேராமல் இடையிலேயே நின்றுவிடுகிறது.

இதற்குக் காரணம் கடைக்காரரின் பேராசை என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. என் மாணவர் வாடகை கொடுக்கிறார், பதிவு பெற்ற மருந்தாளுநருக்குச் சம்பளம் கொடுக்கிறார், குளிர்பெட்டிக்கு மின்கட்டணம் கட்டுகிறார். எதிர்வரிசையில் பெருங்கடை ஒன்று நூற்றுக்கு இருபது தள்ளுபடி என்று பலகை வைத்தால், அவரும் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும். அந்த இழப்பை எங்கிருந்தாவது ஈடுசெய்தாக வேண்டும்.

காரணம் மருந்து வியாபாரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. சந்தையில் கத்தரிக்காய் வாங்குபவர் காயைக் கையில் எடுத்துப் பார்க்கிறார், காம்பைக் கிள்ளிப் பார்க்கிறார், விலை கேட்கிறார், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறார். அங்கே தேர்ந்தெடுப்பவரும் அவரே, விலை கொடுப்பவரும் அவரே, உண்பவரும் அவரே. மருந்தில் தேர்ந்தெடுப்பவர் மருத்துவர். அவர் விலை கொடுப்பதில்லை, பெரும்பாலும் விலை என்னவென்று அறிவதும் இல்லை. எடுத்துக் கொடுப்பவர் கடைக்காரர். அச்சிட்ட விலை உயர உயர அவர் பங்கும் உயர்கிறது. விலை கொடுப்பவர் நோயாளி. அவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை, அறிவும் இல்லை, பொழுதும் இல்லை. ஆகவே இங்குப் போட்டி தலைகீழாக நடக்கிறது. விலையைக் குறைத்து நோயாளியைக் கவரக் கம்பெனிகள் போட்டியிடுவதில்லை. கடைக்காரரின் பங்கைக் கூட்டி அவரைக் கவரப் போட்டியிடுகின்றன. பங்கைக் கூட்ட வேண்டுமானால் அச்சிடும் விலை உயர்ந்திருக்க வேண்டும். விலையைக் குறைத்து அச்சிடும் கம்பெனியின் சரக்கைக் கடையில் அடுக்கி வைக்க ஆள் இல்லை!

"அரசாங்கம் விலையைக் கட்டுப்படுத்தக் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். கட்டுப்படுத்தாமல் இல்லை. 1962ஆம் ஆண்டுச் சீனப் போரை அடுத்து, 1963இல் மருந்து விலைகள் உயராமல் நிறுத்தி வைக்கப்பட்டன. அன்று தொடங்கிப் பல ஆணைகள் வந்துள்ளன. 1979ஆம் ஆண்டு ஆணையில் 347 மருந்துகள் கட்டுப்பாட்டிற்குள் இருந்தன. 1995இல் அது 74 ஆகச் சுருங்கிற்று. 1995ஆம் ஆண்டு ஆணை, மருந்து செய்ய ஆகும் செலவைக் கணக்கிட்டு, அதற்கு மேல் விற்பனைச் செலவிற்கும் இலாபத்திற்கும் நூற்றுக்கு 100 வரை சேர்த்து விலையை வகுத்தது. 2013ஆம் ஆண்டு ஆணை இந்த அடிப்படையையே மாற்றிவிட்டது. இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ள ஒரு மருந்துக்கு, சந்தையில் நூற்றுக்கு ஒன்றேனும் பங்குள்ள சரக்குகள் எந்த விலையில் கடைக்காரருக்கு விற்கப்படுகின்றனவோ, அவற்றின் சராசரியை எடுத்து, அதன்மேல் கடைக்காரருக்கு நூற்றுக்கு 16 சேர்த்தால் அதுவே உச்ச விலை. சராசரி 100 ரூபாயானால் உச்ச விலை 116, வரி தனி.

செலவை அளந்த கோல் போய், விலையை விலையாலேயே அளக்கும் கோல் வந்தது. முன்பே ஊதிய விலைகளின் சராசரி எப்படி இருக்கும்? வகுப்பில் எல்லாரும் தம் விடைத்தாளைத் தாமே திருத்திக்கொண்டபின், அந்த மதிப்பெண்களின் சராசரியை எடுத்தது போல இருக்கும். எனினும் இதனால் பயனில்லை என்று சொல்லமாட்டேன். மிக உயர்ந்து நின்ற சரக்குகள் சராசரிக்கு இறங்கத்தான் செய்தன. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளின் நிலைதான் கவலைக்குரியது. அவற்றின் விலை ஆண்டிற்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் உயரக் கூடாது என்பதே வரம்பு. ஆண்டிற்குப் பத்து என்றால் எட்டாண்டிற்குள் இருமடங்கு. கூட்டு வட்டிக் கணக்குத் தெரிந்தவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். பட்டியலில் தனித்தனியே உள்ள இரண்டு மருந்துகளை ஒரே மாத்திரையில் கலந்து, பட்டியலில் இல்லாத கலவையாக ஆக்கி விற்பதும் உண்டு.

அச்சிட்ட விலையில் எவ்வளவு வெறுங்காற்று என்பதை ஒருமுறை அரசாங்கமே வெளிப்படுத்திக் காட்டிற்று. 2019 பிப்ரவரியில், பட்டியலில் இல்லாத 42 புற்றுநோய் மருந்துகளை எடுத்துக்கொண்டு, உற்பத்தியாளர் விற்கும் விலைக்கும் நோயாளி கொடுக்கும் விலைக்கும் இடையே வியாபாரப் பங்கு நூற்றுக்கு 30க்கு மேல் போகக் கூடாது என்று தேசிய மருந்து விலை ஆணையம் கட்டளையிட்டது. உற்பத்தியாளரின் விலையை அது தொடவே இல்லை. ஒரு காசுகூடக் குறைக்கச் சொல்லவில்லை. அவ்வாறிருந்தும் சில சரக்குகளின் விலை நூற்றுக்கு 90 வரை வீழ்ந்தது. அதற்கு முந்திய ஆண்டில் அதே ஆணையம், டில்லிச் சுற்றுவட்டாரத்தைச் சேர்ந்த நான்கு தனியார் மருத்துவமனைகளின் கட்டணச் சீட்டுகளை ஆராய்ந்தபோது, சில பொருள்களின்மேல் நூற்றுக்கு 1,700க்கும் அதிகமாக இலாபம் வைக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. படுக்கையில் கிடக்கும் நோயாளியின் உறவினர் எந்தச் சந்தையில் போய்ப் பேரம் பேசுவார்? மருந்துக்கும் மருத்துவத்துக்கும் இந்நாடு செய்யும் மொத்தச் செலவில், நூற்றுக்கு 39 பங்கிற்கும் சற்று மேலாக மக்கள் தம் கையிலிருந்தே கொடுக்கிறார்கள் என்று 2021-22ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கு கூறுகிறது.

தேர்ந்தெடுப்பவரும் விலை கொடுப்பவரும் ஒருவராக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டு, 1995 முதல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் வேலையை மேற்கொண்டது. தேவையான மருந்துகளைப் பட்டியலிட்டு, பொதுப் பெயரிலேயே ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். முதல் உறையில் கம்பெனியின் தகுதி. இரண்டாவது உறையில் விலை. தகுதி தேறாதவரின் விலை உறை திறக்கப்படுவதே இல்லை. வந்த சரக்கு மாவட்டக் கிடங்குகளுக்குப் போகும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனியின் பெயரை மறைத்து, ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புவார்கள். ஆய்வில் தேறிய பிறகே மருந்து மருத்துவமனைக்குச் செல்லும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போல ஒரு புத்தகம். அதில் வரவு வைத்த தொகைக்கு வேண்டிய மருந்தை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கேட்பதற்கு எளிய ஏற்பாடு. ஆனால் கடை விலையில் ஒரு சிறு பங்கிற்கு மருந்து கிடைத்தது. கேரளம், இராஜஸ்தானம் முதலிய மாநிலங்கள் இதைப் பார்த்துத் தாமும் அமைத்துக்கொண்டன. வாங்குபவருக்கு மருந்தின் பெயர் தெரியும், அளவு தெரியும், வேண்டாமென்று சொல்லும் வலிமையும் உண்டு. அந்த மூன்றும் சேர்ந்தபோது விலை தானாக இறங்கிற்று.

தனியே கடைக்குச் செல்பவருக்கும் இதில் ஒரு பங்கு கிடைக்க 2008இல் மத்திய அரசு மக்கள் மருந்தகங்களைத் தொடங்கிற்று. 2025 ஜனவரிக்குள் அவை 15,000ஐ எட்டிவிட்டன. பெயர் பெற்ற மூன்று சரக்குகளின் சராசரி விலையில் பாதிக்கு மேற்படாமல் விலை வைப்பது அங்குள்ள விதி. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24ஆம் நாள் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. ஆயினும் மருத்துவரின் சீட்டில் வியாபாரப் பெயர் மட்டுமே இருந்தால், அதற்கு நிகரான மருந்து எது என்பதை நோயாளி எப்படி அறிவார்? இரண்டு மூன்று மருந்துகளின் கலவையாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

"மலிவான மருந்து தரமாக இருக்குமா?" என்ற ஐயத்தை நான் எள்ளி ஒதுக்கமாட்டேன். இது நியாயமான ஐயம். மருத்துவர்கள் பலர் பொதுப் பெயரில் எழுதத் தயங்குவதற்கும் இதுவே காரணம். கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பாரோ என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். நமக்குள்ள மருந்து ஆய்வாளர்களும் ஆய்வுக்கூடங்களும் நம் சந்தையின் அளவிற்குப் போதா. ஆனால் வியாபாரப் பெயர் தரத்திற்கு உறுதியாகுமா? 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைக் குடித்த இருமல் மருந்து, வியாபாரப் பெயர் தாங்கி, மருத்துவர் சீட்டில் எழுதி, கடையில் விற்ற மருந்தே. அதில் டை எதிலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு கலந்திருந்தது. அது செய்யப்பட்ட இடம் நம் காஞ்சிபுரம் மாவட்டம். இதைச் சொல்லும்போது எனக்கு நாக் கூசுகிறது. தரத்தை உறுதி செய்வது ஆய்வு. பெயரும் அன்று, விலையும் அன்று. பெயர் பெற்ற கம்பெனிகள் பலவும் தம் மாத்திரைகளை வேறொருவர் ஆலையில் செய்வித்து வாங்குகின்றன. அட்டையின் பின்புறத்தில், தயாரித்தவர் யார், விற்பவர் யார் என்று சிறிய எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள்.

பெயரைப் பற்றிய சட்டமும் இழுபறியிலேயே இருக்கிறது. ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையிலான குழு, வியாபாரப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்க வேண்டுமென்று 1975லேயே பரிந்துரைத்தது, அது நிறைவேறவில்லை. மருத்துவர்கள் பொதுப் பெயரைத் தெளிவாக எழுத வேண்டும் என்று 2016இல் விதி திருத்தப்பட்டது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் அதைக் கண்டிப்பான கட்டளையாகவே வெளியிட்டு, மருத்துவர்களின் எதிர்ப்பு எழுந்ததும் அதே மாதத்தில் நிறுத்தி வைத்தது. மறுபுறம், மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளில், சீட்டில் எழுதிய சரக்கிற்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் கொடுக்கக் கூடாது என்பது மருந்து விதி. உள்ளிருக்கும் மருந்து ஒன்றாகவே இருந்தாலும் கூடாது. ஆகவே அன்று என் மாணவர் செய்ய முன்வந்தது விதிப்படி பிழை. அவருக்கும் அது தெரியும்.

நான் அந்த அட்டையை வாங்காமல், அங்கிருந்தே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "உங்கள் மாத்திரைக்கு மாற்றிக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது" என்றார். ஆனால் வலிப்பு நோய்க்கும் தைராய்டுக்கும் இரத்தம் உறையாமலிருக்கவும் மருந்து உண்பவர்கள் தாமாக மாற்றக் கூடாது. அவற்றில் அளவின் சிறு வேறுபாடும் உடலைப் பாதிக்கும் என்று எச்சரித்தார். அடுத்த மாதம் முதல் என் சீட்டில் மருந்தின் பொதுப் பெயரையும் எழுதித் தருகிறார். 2018 செப்டம்பர் முதல், அட்டையில் பொதுப் பெயரை வியாபாரப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று விதி இருப்பதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது கண்ணாடி அணிந்த எனக்கும் எளிதாக இருக்கிறது. ஒரு மருந்தின் உச்ச விலையையும், அதே மருந்தின் வேறு சரக்குகளின் விலையையும் அறிய, விலை ஆணையம் 'பார்மா சாஹி தாம்' என்னும் கைப்பேசிச் செயலியை வைத்திருக்கிறது. இதை எனக்குக் காட்டிக் கொடுத்தது பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி.

நான்கு மாத்திரை வாங்கிய அந்த மூதாட்டியை மறுபடியும் கண்டேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரையை வீட்டிற்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள் அல்லவா? என் மாணவரே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, அந்த அம்மையாரின் பெயரைப் பதிவு செய்வித்திருந்தார். தம் கடைக்கு வரும் ஒரு வாடிக்கையாளரைத் தாமே அனுப்பிவிட்டார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசாங்க முத்திரை பதித்த அட்டை ஒன்றை என்னிடம் நீட்டி, "வாத்தியாரையா, இதிலே விலையே போடவில்லையே, விலை போடாத மாத்திரைக்கு நோய் கேட்குமா?" என்றார். முடிச்சில் மீதமிருந்த கடை மாத்திரையையும் எடுக்கச் சொன்னேன். கடைக்காரர் தாம் வைத்திருந்த மீதி அட்டையைக் கொண்டுவந்தார். இரண்டையும் அருகருகே வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினேன். அதிலும் மெட்பார்மின் 500 மில்லிகிராம். இதிலும் மெட்பார்மின் 500 மில்லிகிராம். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன்.